கெழக்கத்திக் கருவாடும் எங்க நங்கையா நாக்கும்

எங்க நங்கையா கவுச்சி தொடாது. எங்கண்ணன் செங்கோட்டையனுக்கு வாக்கப்பட்டு வந்த மறுவருசம் மூத்த புள்ள காய்ச்சல்ல கெடந்தப்ப, பழனிக்கு வேண்டிக்கிட்டு உட்டுது. அதுக்கப்புறம் முட்டைகூட தின்னதில்ல. அப்படியாப்பட்ட பொம்பள காத்தால எந்திரிச்சு பல்லு வெளக்கினதும் மொத வேலையா என்ன பண்ணும் தெரியுமுங்களா? கருவாட்டை எடுத்து நாக்குல வெக்கும். கேக்கறவங்க சிரிப்பீங்க. சிரிங்க, நானும் சிரிச்சவதான்.

நங்கையான்னா அண்ணன் பொண்டாட்டி. பேரு சென்னியம்மாள். எம் பேரு ஆத்தாயி. எங்கண்ணன் தோட்டம் நாமக்கல்லுக்கும் மோகனூருக்கும் நடுவால இருக்குது. எங்க ஊட்டுக்காரரு நாமக்கல்லுல லாரிக்கு பாடி கட்டற பட்டறையில வேலை. அவரு பட்டறைக்குக் கெளம்பினதும் நான் பஸ் ஏறி அண்ணன் தோட்டத்துக்கு வந்துருவேன், தீவனம் கலக்க. அதனால நான் சொல்றது யாரோ சொல்லிக் கேட்டதில்லீங்க. பக்கத்துல இருந்து பாத்தது.

எழுபதுகள்ல எங்க பக்கம் கெணறெல்லாம் அடி தெரிஞ்சு போச்சு. கரும்பு போட்டவனும் மஞ்சள் போட்டவனும் கையைப் பெசஞ்சுக்கிட்டு நின்னான். அப்பத்தான் ஒவ்வொருத்தரா கோழிக் கொட்டாய் போட ஆரம்பிச்சாங்க. எங்கண்ணனும் போட்டாரு. தீவனத்தைக் கம்பெனியில வாங்கினாக் கட்டுபடியாவாது, அவங்கவங்களே கலக்கறதுதான். மக்காச்சோளம், கம்பு, தவிடு, கடலைப் புண்ணாக்கு, சிப்பி, அப்புறம் கருவாடு. கருவாடு சேக்கலீன்னா கோழி முட்டை வெக்கறதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கும். மனுசன் திங்கற கருவாடுன்னு நெனச்சுக்காதீங்க. வலையில சிக்கி, சந்தையில யாரும் சீந்தாத பொடிமீனு, நசுங்கின மீனு, அதைக் காயப்போட்டு மூட்டை கட்டி லாரியில அனுப்பிடுவாங்க. எங்க ஊருல முக்காவாசிப் பேரு கடலைக் கண்ணால பாத்தது இல்ல. ஆனா கடல்ல இருக்கற மீனுல பாதி எங்க கோழி வயித்துக்குத்தான் போச்சு.

அந்தக் கருவாட்டுல ஒரு கெரகம் இருக்குது, உப்பு. உப்பு எச்சாப் போனா கோழி தண்ணியாக் குடிச்சுத் தள்ளும், கழியும், தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணாச் சாயும். ஒரு தடவை எதையும் பாக்காம கலந்து கொட்டிட்டு ஒரு கொட்டாய் கோழியவே குழி தோண்டிப் பொதச்சோம். எங்கண்ணன் துண்டை வாயில அமுக்கிக்கிட்டு அழுதாரு. அன்னையில இருந்து நங்கையா தன் நாக்கை நம்ப ஆரம்பிச்சுது. மூட்டைக்கு ஒரு மீனு எடுக்கும். உடைக்கும். நடுச்சதையை நாக்கு நுனியில வெச்சுக் கண்ணை மூடும். துப்பிப்போட்டு, சொம்புத் தண்ணியில வாயைக் கொப்புளிச்சுட்டு, "கலக்கு"ங்கும், இல்லாட்டி "வெளிய கொட்டு"ங்கும். ரெண்டே பேச்சுதான்.

பழனியாண்டவன் வேண்டுதல் என்னாச்சு நங்கையான்னு நான் சீண்டுவேன். முழுங்கினாத்தான் அம்மிணி குத்தம், துப்பிப்போட்டா முருகன் கண்டுக்க மாட்டான்னு சொல்லும். முருகன்கிட்டயே நாயம் பேசற ஆளு.

போவப்போவ உப்பு மட்டுமில்ல, கருவாடு வந்த ஊரையும் சொல்ல ஆரம்பிச்சுது. மேக்கால மங்களூரு பக்கத்துக் கடல்ல இருந்து வர்ற கருவாட்டை நாங்க மேக்கத்திச் சரக்குன்னு சொல்லுவோம். அங்க மழை எச்சு, அதனால உப்புப் போட்டுத்தான் காயவெப்பாங்க. கெழக்கால ராமநாதபுரம் பக்கத்துல இருந்து வர்றது கெழக்கத்திச் சரக்கு. அது வெறும் வெயில்லயும் மணல்லயும் காஞ்சது, உப்புக் கம்மி, மண்ணு எச்சு. நங்கையா நாக்குல வெச்ச ஒடனே இது இந்தக் கடலு, அது அந்தக் கடலுன்னு சொல்லிப்போடும். கடலை ஒரு தடவைகூட பாக்காத பொம்பள!

பேரு பரவுச்சு. பரமத்தி, ஜேடர்பாளையத்துல இருந்தெல்லாம் சைக்கிள் கேரியர்ல மூட்டையக் கட்டிக்கிட்டு ஆளுக வந்தாங்க. இங்க ஒண்ணு சொல்லோணும். எங்க ஊட்டுல பொம்பளைக்குப் பேச்சே கெடையாது, எங்கய்யன் காலத்துல இருந்து அப்படித்தான். ஒறம்பரைன்னு சொந்தபந்தம் வந்தா நங்கையா அடுப்படியில இருந்து எட்டிப் பாக்காது. காடு தோட்டம் விக்கறதுன்னாலும் வாங்கறதுன்னாலும் அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டது இல்ல. அப்படி இருந்த பொம்பள முன்னால மீசை வெச்ச தோட்டக்காரனுவ மூட்டையை எறக்கி வெச்சுட்டு, என்ன சொல்லுமோன்னு வாயவே பாத்துக்கிட்டு நிப்பானுவ. அப்ப நங்கையா மூஞ்சியப் பாக்கோணுமே! அந்த நாக்கு ஒண்ணுதானுங்க அதுக்குன்னு இருந்தது. மத்ததெல்லாம் எங்கண்ணனுது.

எம்பத்திமூணு தீவாளி முடிஞ்ச கையோட அந்த மஞ்சப் பிளாஸ்டிக் துண்டு கெடச்சுது.

நானும் நங்கையாவும் சாக்கை விரிச்சுக் கருவாடு பொறுக்கிக்கிட்டு இருந்தோம். தூண்டி முள்ளு, கம்பி, ஆணி ஏதாச்சும் கெடக்கும், அது கோழித் தொண்டையில போனா முடிஞ்சுது கதை. அதனால கலக்கறதுக்கு முன்னால பொறுக்கியே ஆவோணும். ஒரு கானாங்கெளுத்தி மீனு, பாதி ஒடஞ்சது, அதும் முதுகுல மஞ்சக் கலர்ல ஒரு பிளாஸ்டிக் துண்டு குத்தி இருந்துச்சு. நெகம் அளவுதான். அதுல ஏதோ நம்பரும் இங்கிலீசும். நான் வீசப்போனேன். நங்கையா வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிச்சு.

கோழிக்கு ஊசி போட வர்ற டாக்டருகிட்ட காட்டுனோம். அவரு படிச்சுப் பாத்துட்டு, கடல் மீனை ஆராய்ச்சி பண்றவங்க உசுரோட மீனைப் புடிச்சு, இதைக் குத்தி, மறுபடியும் கடல்லயே உட்டுருக்காங்கன்னாரு. யாரு கையில கெடச்சாலும், எங்க புடிச்ச மீனுன்னு எழுதி, துண்டை இந்த வெலாசத்துக்கு அனுப்போணுமாம். புடிச்ச மீனை மறுக்கா தண்ணியில உட்டானுவளா, வேற சோலியே இல்லையான்னு நான் கேட்டேன். மீனு எங்கிருந்து எங்க போவுதுன்னு தெரிஞ்சுக்கத்தாம்மான்னு அவரு சொன்னாரு. சரி, இது எந்தக் கடல்ல இருந்து வந்ததுன்னு கேட்டாரு.

மூட்டை கொண்டாந்து போட்ட லாரிக்காரன் சின்னண்ணன் அப்ப ஊருல இல்ல. சின்னண்ணன்கறது அவன் பேருதான், எங்களுக்கு ஒறவு இல்ல. சொந்த லாரி வெச்சிருந்தவன், ரெண்டு கடலுக்கும் போயி சரக்கு ஏத்தியாருவான். அவன் வரட்டும், கேட்டுக்கலாம்னு நான் சொன்னேன். நங்கையா சிரிச்சுது. அவனை எதுக்குக் கேக்கோணும்னு சொல்லிட்டு, அந்த மீனுலயே ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்குல வெச்சுது. கண்ணை மூடுச்சு. துப்புச்சு.

"மேக்கத்திச் சரக்குங்க டாக்டரே. சந்தேகமே வேண்டாம்."

டாக்டரு அப்படியே எழுதி, துண்டைக் கவருல போட்டு அனுப்பிட்டாரு. கொஞ்ச நாள்ல அங்கிருந்து நன்றி சொல்லிப் பதிலும் வந்துச்சு. எங்கண்ணனுக்கு ஒரே பெருமை. டீக்கடையில உக்காந்துக்கிட்டு, கடல் ஆபீசுக்காரங்களே எங்க ஊட்டுப் பொம்பள நாக்கைக் கேட்டுத்தான் முடிவு பண்றாங்கன்னு அளந்துக்கிட்டு இருந்தாரு. பொண்டாட்டியைப் பத்தி அவரு வெளிய பேசுனதே அதுதான் மொத தடவை.

பொங்கலுக்கு மறுநாளு ஒரு தம்பி மொபெட்ல வந்து எறங்குச்சு. பேரு அர்த்தநாரி. நம்ம திருச்செங்கோட்டுப் பையன்தான், படிச்சுட்டு அந்தக் கடல் ஆராய்ச்சியில வேலைக்குப் போயிருந்துச்சு. பொங்கலுக்கு ஊருக்கு வந்த எடத்துல எங்களைத் தேடிக்கிட்டு வந்துருக்குது. நங்கையா மோரு கொண்டாந்து குடுத்து, உக்காரு சாமின்னுச்சு. உக்காரவே இல்ல அந்தத் தம்பி. அந்த மூட்டை மேக்கே இருந்து வந்ததுங்கறது நிச்சயந்தானுங்களான்னு கேட்டுச்சு. கோவமாக் கேக்கல. கேக்கறதுக்கே கூச்சப்பட்டுக்கிட்டுத்தான் கேட்டுச்சு.

அப்புறம் வெவரம் சொல்லுச்சு. அந்த மஞ்சத் துண்டு குத்தின மீனையெல்லாம் கெழக்கால ஒரு குடாவுல உட்டுருக்காங்க. குடான்னா கடலு ஊருக்குள்ள வளைஞ்சு வந்து நிக்கற எடம். திரும்பிக் கெடச்ச துண்டெல்லாம் அந்தக் குடாவுக்குள்ளயே கெடச்சிருக்குது. எங்களுது ஒண்ணு மட்டுந்தான் மேக்கத்திக் கடல்ல கெடச்சதா எழுதியிருக்குது. இதுல என்ன வந்துச்சுன்னு நான் கேட்டேன். அப்ப அந்தத் தம்பி சொன்னதை நான் இன்னும் மறக்கல.

"நம்ம பக்கத்துல பொண்ணு குடுக்கறதும் எடுக்கறதும் பழகின ஊருக்குள்ளயேதானுங்களே நடக்குது? அந்த மீனும் அப்படித்தானுங்க. மேக்கத்திக் கடல்லயும் அச்சு அசலா அதே கானாங்கெளுத்தி இருக்குது. பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனா ரெண்டுக்கும் கொள்வினை கொடுப்பினை இல்ல. ரத்தத்துல கரண்ட் பாய்ச்சிப் பாத்தா கோடு வேற வேறயா உழுகுது. குடாவுல இருக்கற மீனு அழிஞ்சா அழிஞ்சதுதான், வெளிய இருந்து வந்து நெறையாது."

அந்தக் குடாவுல சின்ன வள்ளம் வெச்சுப் பொழைக்கற சனம் ரெண்டு ஊரு நெறைய இருக்குதாம். மீனு சினையாவற மாசத்துல பெரிய விசைப்படகெல்லாம் உள்ள வந்து அடியோட வாரிக்கிட்டுப் போயிருதாம். அந்தச் சில மாசம் மட்டும் உள்ள வராதீங்கன்னு சொல்லச் சொல்லி அர்த்தநாரியும் இன்னும் சிலரும் எழுதியிருக்காங்க. படகுக்காரங்களும் பெரிய அதிகாரியும், மீனு கடல் பூராவும் சுத்திக்கிட்டுத்தான் இருக்குது, இங்க புடிச்சா அங்கிருந்து வரும், எதுக்குத் தடைன்னு கேக்கறாங்களாம். அதுக்கு அவங்க கையில வெச்சிருக்கற சாட்சி எங்க மஞ்சத் துண்டு. மாசி மாசம் அந்த ஊருலயே கூட்டம், அங்க முடிவு பண்ணிருவாங்க.

நங்கையா கோழி வளக்கற பொம்பள பாருங்க, அதுக்கு ஒரே ஒரு சமாச்சாரம்தான் புடிபட்டுது. முட்டை வெக்கற கோழியையே அறுக்கறாங்களா சாமின்னு கேட்டுச்சு. ஆமாங்கன்னுச்சு அந்தத் தம்பி. அடுத்த ஊட்டுக் கோழி வந்து முட்டை வெச்சுக்கும்னு சொல்றாங்கன்னுச்சு.  ஆனா நங்கையா, நாக்குல வெச்சதைத்தானுங்க சொன்னேன், அது மேக்கத்திச் சரக்குதான்னு சொல்லிருச்சு. தம்பி மோரைக் குடிச்சுட்டு, வாரேனுங்கன்னு கெளம்பிப் போச்சு. மொபெட்டு கேட்டைத் தாண்டற வரைக்கும் நங்கையா அங்கயே நின்னுச்சு.

சின்னண்ணன் தை மாசக் கடைசியில சரக்கோட வந்தான். அவன் லாரித் தார்பாயைப் பாக்கோணும் நீங்க, எங்க ஊட்டு மாவுச் சல்லடை அதைவிட மேலு. எனக்கு அந்தத் தார்பாயைக் கண்டாலே பத்திக்கிட்டு வரும். மழை பேஞ்சா சரக்கு என்னத்துக்காகும், ஒரு தார்பாய் மாத்த மாட்டியாடா, கஞ்சப் பயலேன்னு புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். அவனுக்கும் ரோசம் வந்துருச்சு.

"நனைஞ்சா நனைஞ்சது மாதிரியே கொண்டாந்து போட்டுட்டமாக்கும்? தீவாளிக்கு முன்னால திண்டுக்கல்லுக்கிட்ட நனைஞ்சுது. எங்க களத்துல கொட்டி, உப்புத் தூவி, காயவெச்சு, சாக்கு மாத்தித்தானே கொண்டாந்தேன்? ஒரு கோழி செத்துச்சா ஆத்தாயக்கா?"

தீவாளிக்கு முன்னால. திண்டுக்கல்லுக்கிட்ட. மங்களூருல இருந்து வர்ற லாரிக்குத் திண்டுக்கல்லுல என்ன சோலி? எனக்கே வெளங்கிருச்சு. நங்கையா கையில இருந்த மீனைக் கீழ வெச்சுது. அந்த மூட்டையெல்லாம் கெழக்கத்திச் சரக்கா சின்னண்ணான்னு மெதுவாக் கேட்டுது. அவன் மொதல்ல மென்னு முழுங்கினான், அப்புறம் ஒத்துக்கிட்டான். கெழக்கே அந்தக் குடாவுக் கரையிலயே ஏத்துன சரக்காம். நங்கையா மேக்கத்தின்னு சொன்னதா வந்து கேள்விப்பட்டானாம். நனைஞ்ச சரக்குன்னு தெரிஞ்சா பண்ணைக்காரனுவ ஒருத்தனும் அவன் லாரியைக் கூப்பிட மாட்டான். அதனால, நல்லதாப் போச்சுன்னு வாயை மூடிக்கிட்டானாம்.

நாக்கு பொய் சொல்லல பாருங்க. மண்ணு மழைத்தண்ணியோட போயிருச்சு, உப்பு இருந்துச்சு, உப்புன்னுச்சு. ஆனா அந்த உப்பு மங்களூரு உப்பு இல்ல, சின்னண்ணன் களத்து உப்பு.

அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அக்கா, வெளிய சொல்லிப்போடாதீங்க, எம் பொழப்புப் போயிரும்னான். எங்கண்ணனுக்கு விசயம் தெரிஞ்சதும் அவரு ஒரே போடாப் போட்டாரு. கடல் எங்கயோ கெடக்குது, நாம எங்கயோ கெடக்கறோம். ஊருக்குள்ள ஒனக்கு ஒரு பேரு இருக்குது, அதை நீயே கொண்டுபோயி குப்பையில கொட்டாதே. இனி இதைப் பத்தி இந்த ஊட்டுல பேச்சே இருக்கப்படாதுன்னாரு. அவரு சொன்னதுல தப்பில்லைன்னுதான் எனக்கும் பட்டுச்சு. யாருக்கு யாரு? அந்தக் குடா எங்க இருக்குதுன்னுகூட எனக்குத் தெரியாது.

 நங்கையா சோறு சரியாத் திங்கல. அந்த வாரத்துல ஜேடர்பாளையத்துல இருந்து ஒருத்தரு மூட்டை கொண்டாந்தாரு. நங்கையா மீனை எடுத்துது, உடைச்சுது, நாக்குக்கிட்ட கொண்டுபோயி அப்படியே நிறுத்திக்கிச்சு. எனக்கு ஒடம்பு சரியில்லீங்க, அப்புறமா வாங்கன்னு அனுப்பிப்போட்டுது. அவரு போனதும் எங்கிட்ட சொல்லுச்சு.

"எனக்கு இந்தப் பேரு வேணும் அம்மிணி. இல்லைன்னு சொன்னா அது பொய்யி. இந்த நாக்கு இல்லாட்டி நான் இந்த ஊட்டுல யாரு? ஆனா அந்தச் சினை மீனு நெனப்புக்கு வந்துக்கிட்டே இருக்குது. என் வாயால சொன்னதை வெச்சுத்தானே வாரப்போறாங்க."

அழுதுருச்சு. நான் பாத்து அது அழுததே அன்னைக்குத்தான். கோழிய மொத்தமாப் பொதச்ச அன்னைக்குக்கூட அழுவாத பொம்பள.

கூட்டத்துக்கு முந்தின நாளு நங்கையா பொடவை மாத்திக்கிட்டு நின்னுச்சு. எங்கண்ணன் எங்கேன்னு கேட்டாரு. ராமநாதபுரம் பக்கம் போறேன்னுச்சு. கல்யாணமாயி அத்தனை வருசத்துல, போலாமுங்களான்னு கேக்காம, போறேன்னு சொன்னது அதுதான் மொதல். எங்கண்ணன் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் கொட்டாய்ப் பக்கம் போயிட்டாரு. தொணைக்கு நான் போனேன். வேண்டாம் வேண்டாம்னு வழி பூரா திட்டிக்கிட்டே போனேன், அதையும் சொல்லிப்போடறேன். அதுக்குக் காதே கேக்காத மாதிரி பஸ்ஸு சன்னல்ல சாஞ்சுக்கிட்டு வந்துச்சு. கரூரு, திண்டுக்கல்லு, மதுரைன்னு மாறி மாறி ஏறி, ஒரு வழியா விடியக்காலம் போயிச் சேந்தோம்.

கடலைப் பாத்தோம். எனக்குப் பயமா இருந்துச்சு, உண்மையைச் சொல்றேன். அத்தனை தண்ணி என்னத்துக்குன்னு இருந்துச்சு. நங்கையா நேரா நடந்து போயி, குனிஞ்சு, வெரலை நனைச்சு நாக்குல வெச்சுது. துப்புச்சு. "உப்பு எச்சு அம்மிணி, கோழிக்கு ஆவாது"ன்னுச்சு. ரெண்டு பேரும் சிரிச்சோம். அத்தனை நாளு கழிச்சு அது சிரிச்சதைப் பாக்கறதுக்கே எனக்கு நெஞ்சு கலங்கிருச்சு.

கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்துல. ஒரு பக்கம் வெள்ளை வேட்டி படகுக்காரங்க, ஒரு பக்கம் வள்ளத்துச் சனம், நடுவுல மேசை போட்டு அதிகாரிங்க. மேசை மேல ஒரு கண்ணாடிச் சிமிழு, அதுக்குள்ள எங்க மஞ்சத் துண்டு. அர்த்தநாரி எங்களைப் பாத்ததும் எந்திரிச்சு ஓடியாந்துச்சு. நங்கையா அந்தத் தம்பிகிட்ட மெதுவா ரெண்டு வார்த்தை சொல்லுச்சு. தம்பி மூஞ்சி மாறிப்போச்சு. பெரிய அதிகாரிகிட்டப் போயி, துண்டைக் கண்டெடுத்த அம்மா வந்திருக்காங்க, பேசோணுங்கறாங்கன்னு சொல்லுச்சு.

நங்கையா எந்திரிச்சு நின்னுச்சு.  மேக்கே இருந்து வந்த மீனுன்னு நான் சொன்னது தப்புங்க, அது இந்தக் கரையில ஏத்துன சரக்கு, வழியில நனைஞ்சு, உப்புப் போட்டுக் காயவெச்சது, உப்பை வெச்சு நான் ஊரைத் தப்பாச் சொல்லிட்டேன்னுச்சு. யாரு உப்புப் போட்டதுன்னு கேட்டாங்க. அது எங்க ஊட்டுச் சமாச்சாரம், அந்த ஆளு பேரு எதுக்குங்க, தப்பாச் சொன்னது என் நாக்குதானேன்னுச்சு.

பெரிய அதிகாரி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. கெட்ட மனுசன்னு சொல்ல மாட்டேன், அவரு கேட்டதுல நாயம் இருந்துச்சு.

"ஏம்மா, அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, நாங்க நம்பினோம். இன்னைக்கு வேற ஒண்ணு சொல்றீங்க. இதை மட்டும் நாங்க எப்படி நம்பறது?"

 நங்கையா தலைய நிமுத்துச்சு.

"அன்னைக்குச் சொன்னதுல எனக்குப் பேரு வந்துச்சுங்க. இன்னைக்குச் சொல்றதுல இருக்கற பேரும் போவுது. எது நெசமா இருக்கும்னு நீங்களே யோசனை பண்ணிக்குங்க."

உக்காந்துருச்சு. நான் அதும் கையைப் புடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் என்னென்னவோ இங்கிலீசுல பேசுனாங்க. அந்தத் துண்டைக் கணக்குல சேக்க வேண்டாம்னு ஓரமா எடுத்து வெச்சுட்டு, ரத்தம் பாத்த சமாச்சாரத்தை அர்த்தநாரி எந்திரிச்சுச் சொல்லுச்சு. படகுக்காரங்க சத்தம் போட்டாங்க. பொழுது சாயறப்பதான் முடிவாச்சு. சினை மாசத்துல பெரிய படகு குடாவுக்குள்ள போவறதில்ல, மொதல்ல ஒரு வருசத்துக்கு, அப்புறம் பாத்துக்கலாம்னு. முழுசும் ஜெயிச்சுதுன்னு சொல்ல முடியாது. ஆனா அந்த வருசம் சினை மீனு தப்பிச்சுது. வள்ளத்துப் பொம்பளைங்க நங்கையாவைச் சுத்தி நின்னுக்கிட்டு, சாப்புட்டுட்டுத்தான் போவோணும்னு கையப் புடிச்சு இழுத்தாங்க. என்ன குடுத்தாங்கங்கறீங்க? மீன் கொழம்பு! நங்கையா வெறுஞ்சோத்துல மோரை ஊத்தித் தின்னுச்சு. கொழம்பு பூராத்தையும் நான் தின்னேன்.

ஊருக்கு வந்ததும் நான் சொன்னேன். அங்க பேசினது அங்கயே முடிஞ்சுது, இங்க ஒருத்தனுக்கும் தெரியாது, கம்முனு இருன்னு. ஜேடர்பாளையத்துக்காரரு மறுபடியும் மூட்டையைக் கட்டிக்கிட்டு வந்தாரு. நங்கையா என்ன பண்ணுச்சு? மீனைத் தொடறதுக்கு முன்னாலயே, என் நாக்கு ஒரு தடவை ஏமாந்து போச்சுங்க, எந்தக் கடல்ன்னு தப்பாச் சொல்லிட்டேன், தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் காட்டறதுன்னாக் காட்டுங்கன்னுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அங்க இருந்த சொம்பை எடுத்து எறிஞ்சிருப்பேன். உப்பைச் சரியாத்தானே சொன்னே, ஊரைத்தானே மாத்திச் சொன்னே, அதை எதுக்கு எடுக்கறேன்னு கத்தினேன். வந்தவரு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துட்டு, மூட்டையை மறுபடியும் கேரியர்ல வெச்சுக் கட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அவரோட போச்சு. அப்புறம் ஒருத்தனும் வரல. டீக்கடையில எங்கண்ணனைப் பாத்து, நாக்கு நல்லா இருக்குதுங்களான்னு கேட்டுச் சிரிச்சானுவ. எங்கண்ணன் டீக்கடைக்குப் போறதையே உட்டுட்டாரு, ஊட்டுல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்தாரு. சின்னண்ணனும் எங்க பக்கம் தலை காட்டல. நங்கையா அவன் பேரைச் சொல்லலீன்னாலும், நம்ம பக்கத்துல கருவாடு ஏத்தற லாரி எத்தனை இருக்குது? எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. வேற லாரியில சரக்கு வந்துச்சு. எங்க கோழிக்கு மட்டும் நங்கையா நாக்குல வெச்சுப் பாத்துக்கிச்சு. உப்பு மட்டுந்தான் சொல்லும். எந்தக் கடல்ன்னு நான் கேட்டாலும் சொல்லாது.

எனக்கு அது பொறுக்கல. ஒரு வருசத்துக்கு மேல அந்த வாசல்ல ஒரு மூட்டை எறங்கல. நங்கையா நடையே தளந்து போச்சு. மறுபடியும் ஒறம்பரை வந்தா அடுப்படியில பூந்துக்கிச்சு. நல்லது பண்ணினவளுக்கு இதுதான் கூலியான்னு எனக்குச் சாமி மேலயே கோவம் வந்துச்சு. முருகனைக் கூட உடல, வஞ்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

எம்பத்தஞ்சு ஐப்பசி. பெரிய மழை ஓஞ்ச ரெண்டாம் நாளு, ஒரு லாரி கேட்டுக்கு வெளிய நின்னுச்சு. பாத்தா சின்னண்ணன். தார்பாய் புதுசு. எறங்கி வந்தான், எம் மூஞ்சியைப் பாக்காம நேரா நங்கையா முன்னால போயி நின்னான். கையில ஒரு சாக்கு, அதுல பாதி சரக்கு.

"அக்கா, இது கெழக்கத்திச் சரக்குங்க. புதுத் தார்பாயும் தாங்கல, நனைஞ்சு போச்சு. உப்புப் போட்டுத்தான் காயவெச்சேன். நீங்க நாக்குல வெக்கறதுக்கு முன்னாலயே சொல்லிப்போடறேன். பண்ணைக்காரங்க, நீங்க பாத்து உட்டாத்தான் எறக்குவோம்னு சொல்லிட்டாங்க."

எந்தப் பண்ணைக்காரங்கன்னு நான் கேட்டேன். ஜேடர்பாளையத்துக்காரரு மொதக்கொண்டு நாலஞ்சு பேரு சொன்னாங்களாம். ஏமாந்தா ஏமாந்தேன்னு சொல்ற ஆளு நம்ம பக்கத்துல அது ஒண்ணுதான், அதுகிட்டக் காட்டிட்டு வாடான்னாங்களாம்.

நங்கையா அவனையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் சாக்குல கையை உட்டு ஒரு மீனை எடுத்துது. உடைச்சுது. நாக்கு நுனியில வெச்சுக் கண்ணை மூடுச்சு. மூடுன கண்ணுல இருந்து தண்ணி எறங்குது. சின்னண்ணன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். துப்பிப்போட்டு, "உப்பு எச்சு சின்னண்ணா, வெளிய கொட்டு"ன்னுச்சு.

 அவன் சரீங்கக்கான்னு சாக்கைத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனான். நான் உள்ள போயி சொம்புல தண்ணி மொண்டாந்து, நங்கையா வாய் கொப்புளிக்கக் கையில குடுத்தேன்.